உங்கள் படிவத்தில் ஒரு கட்டம் குறைகிறது

கல்வி உதவித்தொகைக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் ஆள் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் இருக்கும் ஐயா, அம்மா எல்லாருக்கும்,

வணக்கம்.

படிவம் நிரப்பத் தெரியாமல் திணறுகிற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவுவதைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். அது என் தொழில் இல்லை. தெரிந்தவர்கள் அனுப்பிவைப்பார்கள், வருவார்கள், செய்வேன். அதனால் உங்கள் கூட்ட அறையை நான் பார்த்ததில்லை என்றாலும் உங்கள் படிவம் எனக்கு அத்துப்படி. எந்த அறக்கட்டளையாக இருந்தாலும், எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் அச்சு ஒன்றுதான். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், குடும்ப வருமானம், அதற்குச் சான்றிதழ். அப்புறம் ஒரு பெரிய கட்டம்: ‘வாழ்க்கையில் நீங்கள் சந்தித்த சவால்களையும் அவற்றை எப்படி வென்றீர்கள் என்பதையும் 500 சொற்களுக்குள் எழுதுக.’

அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

நல்ல எண்ணத்தில்தான் வைத்திருக்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் வசதியான வீட்டுப் பிள்ளைதான் முந்தும், எளிய வீட்டுப் பிள்ளை எங்கிருந்து கிளம்பி வந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்பது நியாயமான யோசனை. ஆனால் நடைமுறையில் அந்தக் கட்டம், கஷ்டத்தை விற்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறது. போன வருடம் தேர்வானவர்கள் எழுதிய கட்டுரைகள் செல்போனில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. எது எடுபடும் என்று அதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். வீட்டில் மின்சாரம் இருக்கிற ஒரு பையன், தெருவிளக்கில் படித்ததாக எழுதி எடுத்துக்கொண்டு வந்தான். ஏம்ப்பா இப்படி என்று கேட்டேன். “இல்லன்னா படிக்க மாட்டாங்க சார்” என்றான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கேட்ட சரக்கைத்தானே கொடுக்கிறான்.

உண்மையிலேயே அடிபட்ட பிள்ளைகளுக்கு அதை எழுதவே வராது. ‘அப்பா இல்லை. அம்மா வேலைக்குப் போகிறார்.’ அதோடு பேனாவை வைத்துவிடுவார்கள். கட்டத்தில் முக்கால்வாசி வெள்ளையாகக் கிடக்கும். இன்னும் கொஞ்சம் எழுதேன் என்றால் தலையைக் குனிந்துகொள்வார்கள். வீட்டு விஷயத்தை முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பிரித்துப் போட ஒரு துணிச்சல் வேண்டும், இல்லையென்றால் கூச்சம் மரத்துப்போயிருக்க வேண்டும். இரண்டுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு பெண் வந்திருந்தாள். பழுதாகித் தூக்கிப்போட்ட பிரிண்டர்களைக் கழற்றி, அதிலிருந்த ஸ்டெப்பர் மோட்டார்களையும் (சிறுசிறு படியாகச் சுற்றும் மோட்டார்கள்) பெல்ட்டுகளையும் எடுத்து, தானாகப் படம் வரைகிற ஒரு சின்ன இயந்திரம் செய்திருந்தாள். செல்போனில் வீடியோ காட்டினாள். அது முதலில் வரைந்த வட்டம் வட்டமாக வரவில்லை, இரண்டு பக்கமும் நசுங்கியிருந்தது. பேனா திசை மாறும்போதெல்லாம் பெல்ட்டின் தளர்வால் மோட்டார் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் பேனா நகர்கிறது, அந்த நூலளவுத் தாமதம்தான் வட்டத்தைக் கெடுக்கிறது என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு விடுமுறை முழுக்கப் பிடித்திருக்கிறது. பெல்ட்டை இறுக்கினால் மோட்டார் திணறுகிறது. கடைசியில், திசை மாறுகிற ஒவ்வொரு முறையும் அந்த நூலளவைக் கூடுதலாகச் சுற்றச் சொல்லி புரோகிராமில் எழுதிச் சரிசெய்துவிட்டாள். பொறியாளர்கள் பாடமாகவே படிக்கிற சிக்கல் இது என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

இதை எங்கே எழுதுவது என்று கேட்டாள். படிவத்தில் இடமில்லை. ‘பிற ஆர்வங்கள்’ என்று அரை வரி இருந்தது. அதில் ‘இயந்திரங்கள் செய்தல்’ என்று எழுதினாள். பெரிய கட்டத்தில் அம்மாவின் நோயைப் பற்றி எழுதினாள்.

உதவித்தொகை கிடைக்கவில்லை. ஏன் என்று தெரியாது. பட்டியலில் பெயர் வரவில்லை, அதோடு சரி.

ஒன்றுமில்லாத இடத்திலிருந்து மேலே வந்தவர்கள் என்று நாம் மேடைக்கு மேடை பெயர் சொல்கிறோமே, அவர்கள் தங்கள் விண்ணப்பத்தை எப்படி எழுதினார்கள் என்று ஒருமுறை பார்க்கலாம். ராமானுஜன் 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜிலிருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் எல்லாரும் பார்க்கக்கூடியதுதான். முதல் வரியிலேயே, தான் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தர், ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டுதான் என்று சொல்லிவிடுகிறார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் சொல்கிறார். தான் ஏழை என்பதையும் கடிதத்தின் முடிவில் ஓரிடத்தில் சொல்கிறார். மற்றதெல்லாம் கணக்கு. பக்கம் பக்கமாக, நூற்றுக்கும் மேற்பட்ட தேற்றங்கள். கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்த கதை இல்லை, பச்சையப்பன் கல்லூரிக்குப் போயும் எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரித் தேர்வில் தேறாத கதை இல்லை, வேலை கேட்டு அலைந்த கதை இல்லை. 500 சொற்களுக்கு அவரிடம் விஷயமா இல்லை?

அந்தக் கடிதத்தை ஹார்டி எப்படி வாசித்தார் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். முதலில் யாரோ விளையாடுகிறார்களோ என்றுகூட நினைத்திருக்கிறார். அன்று மாலை சக கணித அறிஞர் லிட்டில்வுட்டையும் உட்காரவைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார். சில தேற்றங்கள் ஏற்கெனவே தெரிந்தவை, சில அவராலேயே நிரூபிக்கக்கூடியவை, இன்னும் சில அவருக்கே பிடிபடாதவை. பிப்ரவரி 8-ம் தேதி பதில் எழுதினார். பாராட்டோடு சேர்த்து அதில் கேட்டது, நிரூபணங்களை அனுப்புங்கள் என்று. அனுதாபம் காட்டுகிற கடிதமாக இருந்திருந்தால் ராமானுஜனுக்கு அது ஒரு நாள் சந்தோஷம், அவ்வளவுதான். வேலையைப் பற்றிக் கேள்வி கேட்டது என்பதுதான் அந்தக் கடிதத்தின் பெரிய மரியாதை.

ஹார்டிக்கு முன்னால் கேம்பிரிட்ஜின் வேறு இரண்டு பெரிய கணித மேதைகளுக்கும், பேக்கருக்கும் ஹாப்ஸனுக்கும், ராமானுஜன் எழுதியிருந்தார். அங்கிருந்து உதவி வரவில்லை. அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். நிரூபணம் இல்லாமல், பழகாத குறியீடுகளோடு, பட்டம் இல்லாத ஒரு குமாஸ்தாவிடமிருந்து வந்த காகிதக் கட்டு அது. உங்கள் மேசைக்கு அப்படி ஒன்று வந்தால், ‘இணைப்புகள் முழுமையாக இல்லை’ என்று முதல் வடிகட்டலிலேயே போய்விடும். நிரூபணம் ஏன் இல்லை என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. காகிதம் விலை அதிகம். அதனால் பலகையில் போட்டுப் பார்ப்பார், முழங்கையால் அழிப்பார், மறுபடி போடுவார். முடிவு மட்டும்தான் நோட்டுக்கு ஏறும். வறுமை அவருடைய வேலைக்குள் புகுந்தது அங்கேதான், ஹார்டி போன்றவர்கள் எதிர்பார்த்த நடுவரிகளை அது அழித்துவிட்டது. வறுமைதான் அவரைச் செதுக்கியது என்று யாராவது ஆண்டு விழாவில் பேசும்போது எனக்கு இந்த முழங்கைதான் ஞாபகம் வரும்.

சேற்றில் பூத்த செந்தாமரை என்று சொல்வதில் நமக்கு ஒரு சுகம் இருக்கிறது. சேறு நல்லது, அதுதான் தாமரையைத் தந்தது என்று நினைத்துக்கொண்டு சேற்றை அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். ராமானுஜன் விஷயத்தில் நடந்தது என்ன? நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். ராமானுஜன் அவரிடம் கேட்டது சோற்றுக் கவலை இல்லாமல் கணக்குப் போட நேரம். அப்புறம் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் வேலை. அங்கே மேலதிகாரி நாராயண ஐயரே கணிதம் தெரிந்தவர், தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஆதரவாக இருந்தார். ஹார்டியின் கடிதம் வந்த பிறகு, பட்டமே இல்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. விதியைப் பிடித்துக்கொண்டு ‘தகுதி இல்லை’ என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அந்தக் குழுவில் இருந்தவர்களின் பெயரை இன்று யாரும் மேடையில் சொல்வதில்லை. உங்கள் தொழில்வழி முன்னோர்கள் அவர்கள், நீங்களாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்கேல் ஃபாரடே இன்னொருவர். கொல்லன் மகன், 1791-ல் பிறந்தவர். 14 வயதில் லண்டனில் ஒரு புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார், ஏழு வருட ஒப்பந்தம். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றுக்கொண்டார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அவர் விண்ணப்பித்த விதம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கடைக்கு வந்துபோகிற வில்லியம் டான்ஸ் என்ற இசைக்கலைஞர், வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்தார். 1812-ல் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்ட ஃபாரடே, குறிப்பெடுத்து, படம் வரைந்து, விரித்து எழுதி, தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். ஏறத்தாழ 300 பக்கம். அவருக்குத் தெரிந்த இரண்டு விஷயமும் அந்த ஒரு பொருளில் இருந்தன, கேட்டதைப் புரிந்துகொள்கிற மூளையும் புத்தகம் கட்டுகிற கையும். இதைவிட நல்ல விண்ணப்பத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

அப்படியும் உடனே வேலை கிடைக்கவில்லை. டேவி கூப்பிட்டுப் பேசினார், இடம் காலி இல்லை என்றார், புத்தகம் கட்டுகிற தொழிலையே பார்த்துக்கொள்ளுங்கள் என்று புத்தியும் சொன்னார். சில வாரம் கழித்து டேவியின் ஆய்வகத்தில் இருந்த உதவியாளர் ஒருவர் கருவி செய்பவரோடு கைகலப்பில் இறங்கி வேலையை இழந்தார். 1813 மார்ச் 1 அன்று ஃபாரடேக்கு அந்த இடம் வந்தது. 1831-ல் அவர் மின்காந்தத் தூண்டலை, அதாவது காந்தப்புலம் மாறும்போது கம்பியில் மின்சாரம் பிறப்பதை, கண்டுபிடித்தார், இன்றைக்கு உலகத்து மின்நிலையங்களில் பெரும்பாலானவை ஓடுவது அந்தத் தத்துவத்தில்தான். இரண்டு பேர் அடித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திறமையும் இருந்தது, விடாமுயற்சியும் இருந்தது. கதவு திறந்தது வேறு காரணத்துக்காக.

‘திறமை இருந்தால் எப்படியும் வெளியே வந்துவிடும்’ என்று உங்களில் சிலர் நேர்காணல்களில் சொல்வதைப் பிள்ளைகள் வந்து என்னிடம் சொல்கிறார்கள். வெளியே வந்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்துச் சொல்கிற பேச்சு அது. மூன்றாவது கடிதத்துக்கும் பதில் வராமல் குமாஸ்தாவாகவே ஓய்வுபெற்றவர்களை யார் எண்ணினார்கள்?

விடாமுயற்சி விஷயத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அதை நாம் புகழ்கிற விதத்தில், அதைச் செலவழிக்க வைத்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். விவியன் தாமஸ் கதையைப் பாருங்கள். அமெரிக்காவில் தச்சுவேலை பழகிய கறுப்பின இளைஞர், மருத்துவம் படிக்கக் காசு சேர்த்துவைத்திருந்தார். 1930-ல் வங்கி திவாலாகிச் சேமிப்பு போனது. அதே வருடம் ஆல்ஃபிரட் பிளாலாக் என்ற அறுவை மருத்துவரின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தார். செய்தது ஆராய்ச்சி, பதிவேட்டில் துப்புரவுப் பணியாளர், சம்பளமும் அந்தக் கணக்கில்தான். பின்னால் இருவரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார்கள். இதயக் குறைபாட்டால் உடம்பு நீலம் பாரித்துப் பிறக்கும் குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சையை நாய்களிடம் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து வழி கண்டவர் தாமஸ். தேவைப்பட்ட கருவிகளையும் மாற்றியமைத்தார். 1944 நவம்பர் 29 அன்று முதல் குழந்தைக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, பிளாலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று, தையல் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிகிச்சைக்கு வைத்த பெயரில் பிளாலாக் இருந்தார், குழந்தைகளின் இதயநோய் மருத்துவர் ஹெலன் டாஸிக் இருந்தார், தாமஸ் இல்லை. வருமானம் போதாமல் பிளாலாக் வீட்டு விருந்துகளில் மது பரிமாறுகிற வேலைக்கும் போயிருக்கிறார், பகலில் தான் சொல்லிக்கொடுத்த மருத்துவர்களுக்கே. கௌரவ டாக்டர் பட்டம் வந்தது 1976-ல்.

இதை ‘விடாமுயற்சியின் வெற்றி’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம், சொல்கிறார்கள். 46 வருடம். அதில் எவ்வளவு அவர் கற்றுக்கொள்ளத் தேவைப்பட்ட காலம், எவ்வளவு மற்றவர்கள் அவரைப் பார்க்க மறுத்த காலம்? முதலாவதைத்தான் விடாமுயற்சி என்று பாராட்டலாம். இரண்டாவதற்கு யாராவது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.

இதெல்லாம் அந்தக் காலம் என்று நினைத்தால், கட்டலின் காரிகோ இருக்கிறார். ஹங்கேரியில் இறைச்சி வெட்டுபவரின் மகள். எம்ஆர்என்ஏவை (எந்தப் புரதத்தைச் செய்வது என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு) மருந்தாக்கலாம் என்று பிடிவாதமாக இருந்ததற்கு, நிதி கொண்டுவரவில்லை என்று 1995-ல் அமெரிக்காவில் அவர் வேலைபார்த்த பல்கலைக்கழகம் அவரைப் பதவி இறக்கியது. ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் சக ஆய்வாளர் ட்ரூ வைஸ்மனோடு ஏற்பட்ட பழக்கத்தில் கூட்டாக ஆராய்ந்து 2005-ல் வெளியிட்ட கட்டுரைக்குத்தான் 2023-ல் நோபல் பரிசு. நிதிக் குழுக்களில் இருந்தவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. எல்லாரும் படித்தவர்கள், உங்களைப் போல.

சரி, கஷ்டம் தெரியாமல் ஒரு பிள்ளையை எப்படி எடைபோடுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வருமானச் சான்றிதழ் கேட்கிறீர்கள் அல்லவா, அதுவே போதும், கூடவே நாடகம் எதற்கு? சூழ்நிலை தெரிய வேண்டும் என்றால் அழவைக்காத கேள்விகள் இருக்கின்றன. ஒரு சாதாரண நாளில் உனக்கென்று எவ்வளவு நேரம் கிடைக்கும்? அந்த நேரத்தில் என்ன செய்தாய்? என்னைக் கேட்டால் உங்கள் படிவம் முழுவதற்கும் இந்த இரண்டு கேள்வி ஈடாகும். ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டுத் தினம் ஒன்றரை மணி நேரம் மிஞ்சுகிற பையன் அந்த ஒன்றரை மணியில் செய்தது என்ன என்று தெரிந்தால், நாள் முழுக்க நேரம் கிடைக்கிற பையன் செய்ததோடு அதை நீங்களே ஒப்பிட்டுக்கொள்வீர்கள். பொய் சொல்வதும் சுலபம் இல்லை. தெருவிளக்கை யாரும் சரிபார்க்கப் போவதில்லை. திசை மாறும்போது பேனா ஏன் தாமதித்தது என்று நேர்காணலில் ஒரு கேள்வி கேட்டால் போதும், செய்தவள் யார், செய்யாதவர் யார் என்று தெரிந்துவிடும்.

ஆகவே ஒரு கட்டம் சேருங்கள். ‘நீங்களாகச் செய்த ஒன்றை எங்களுக்குக் காட்டுங்கள்.’ அது கணக்காக இருக்கலாம், இயந்திரமாக இருக்கலாம், தையலாக இருக்கலாம், தப்பாகப் போன ஒரு சோதனையாகக்கூட இருக்கலாம். தப்பாகப் போனது எப்படி என்று எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. அதைப் பார்க்க அந்தந்தத் துறை தெரிந்த ஒருவர் குழுவில் இருக்க வேண்டும், அதற்குச் செலவாகும், நேரம் ஆகும், தெரியும். எல்லா விண்ணப்பத்துக்கும் வேண்டாம், முதல் வடிகட்டலில் தேறியவர்களுக்காவது செய்யலாம். அந்த வடிகட்டலை மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் செய்யாதீர்கள், அதில் ராமானுஜன் தேற மாட்டார்.

நேர்காணலில் ‘உன் வாழ்க்கையின் மிகக் கஷ்டமான தருணம் எது’ என்று கேட்பதையும் நிறுத்திவிடுங்கள். அழுத பிள்ளைக்குக் கிடைத்தது, அழாத பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். உண்மையோ பொய்யோ, அடுத்து வருகிற பிள்ளை அழத் தயாராக வருகிறது.

பணம் கொடுக்கிற விதத்தையும் கொஞ்சம் பாருங்கள். ‘முதலில் கட்டிவிட்டு ரசீது அனுப்பினால் திருப்பித் தருவோம்’ என்பது, கட்டக் காசு இருப்பவர்களுக்குத்தான் உதவும். கட்டுவதற்கு வட்டிக்கு வாங்குகிறார்கள், உங்கள் பணம் வருவதற்குள் வட்டி ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

கடைசியாக, பதில். ஃபாரடே டேவிக்கு எழுதுவதற்கு முன்னால் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் தலைவர் சர் ஜோசப் பேங்க்ஸுக்கும் வேலை கேட்டு எழுதியிருந்தார். பதில் உண்டா என்று வாசலில் போய்க் கேட்டவருக்கு, பதில் இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. உங்களிடம் கணினி இருக்கிறது. தேர்வாகாதவர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி அனுப்பலாம்: விண்ணப்பம் எந்த நிலையில் நின்றது, அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாமா, கூடாதா. மதிப்பெண் போதவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள், வயது தாண்டிவிட்டது என்றால் அதைச் சொல்லுங்கள். பட்டியல் வெளியான பிறகு இரண்டு மாதம் செல்போனைப் பார்த்துக்கொண்டு வேறெதற்கும் விண்ணப்பிக்காமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். இல்லை என்று தெரிந்திருந்தால் அந்த இரண்டு மாதத்தில் வேறு கதவைத் தட்டியிருப்பார்கள்.

அந்தப் பெண் இந்த வருடமும் விண்ணப்பிக்கிறாள். வீடியோவை இணைக்க இடம் இல்லாததால், படங்களும் புரோகிராமும் சேர்த்து நான்கு பக்கத்தை வருமானச் சான்றிதழுக்குப் பின்னால் வைத்து ஒரே பிடிஎஃப்பாக அனுப்பியிருக்கிறோம். கேட்காத இணைப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
படிவம் நிரப்ப உதவும் ஒருவன்